மூன்றடி மண்

கோல்ஃப் ஒரு விளையாட்டு என்று வெளியில் இருப்பவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே வந்து சந்தா கட்டியவர்களுக்குத்தான் அது இரண்டு விளையாட்டு என்று தெரியும். முதலாவது, இடுப்பைத் திருகி, பல்லைக் கடித்து, பந்தை இருநூறு, இருநூற்றைம்பது கஜத்துக்கு அனுப்பி வைப்பது. இதற்கு உடம்பு வேண்டும், வயது வேண்டும், முதுகெலும்பின் சம்மதம் வேண்டும். இரண்டாவது, அப்படிப் போய்ச் சேர்ந்த பந்தை, ஒட்ட வெட்டிய புல்தரையில் மெல்ல உருட்டிக் குழிக்குள் தள்ளுவது. இதற்குப் பட்டிங் என்று பெயர். இதற்கு எதுவுமே வேண்டாம். ஐந்து வயதுப் பேரன் செய்யலாம், எண்பது வயதுப் பாட்டி செய்யலாம். அதனாலேயே, வரவில்லை என்றால் சொல்லிக்கொள்ள ஒரு சாக்கும் கிடையாது.

கணக்கையும் பாருங்கள். ஒரு மைதானத்துக்கு 'பார்', அதாவது எடுக்க வேண்டிய மொத்த அடிகள், 72 என்றால், 18 குழிக்கும் தலா இரண்டு தட்டு என்று 36-ஐப் பட்டர் என்ற ஒற்றை மட்டைக்கே எழுதி வைத்திருக்கிறார்கள். பையில் 14 மட்டைக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. ஆக, மற்ற 13 பேரும் வெயிலில் பாடுபட்டுச் சேர்ப்பதைப் பட்டர் ஒருத்தன் நின்ற இடத்தில் நின்று அழித்துவிடுவான். 250 கஜம் பறந்த அடிக்கும் ஒன்றுதான் கணக்கு. இரண்டு அங்குலம் உருண்ட தட்டுக்கும் ஒன்றுதான் கணக்கு.

இரண்டு அங்குலத்தைச் சும்மா சொல்லவில்லை. 1983-ல் ராயல் பர்க்டேலில் பிரிட்டிஷ் ஓப்பன் நடந்தது. அதற்குள் இரண்டு முறை அமெரிக்க ஓப்பனை வென்றிருந்த ஹேல் இர்வின், மூன்றாம் நாள் ஆட்டத்தில் குழியின் வாயிலேயே நின்ற பந்தைப் பின்கையால் அலட்சியமாகத் தட்டப் போனார். மட்டை பந்தில் படவில்லை. காற்றை அடித்தாலும் அடி அடிதான், எழுதிக்கொண்டார்கள். போட்டி முடிந்தபோது வெற்றி பெற்ற டாம் வாட்சனுக்கு ஒரே ஓர் அடி பின்னால் நின்றார் இர்வின்.

இதையெல்லாம் என் மனைவியிடம் சொல்லிப் புரியவைக்க முடியாது. தொலைக்காட்சியில் ஒருவர் குனிந்து, நிமிர்ந்து, சுற்றி வந்து, குந்தி உட்கார்ந்து, ஒற்றைக் கண்ணை மூடி, மறுபடி எழுந்து நின்று தட்டுகிறவரை பொறுமையாகப் பார்த்துவிட்டு, "இதுக்காங்க இவ்வளவு நேரம்? கையாலயே எடுத்துப் போட்டுட்டு வந்திருக்கலாமே" என்பாள். அவள் பாட்டு டீச்சர். கோல்ஃபைப் பற்றி அவள் சொல்வதை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை என்று வைத்திருந்தேன். அந்தக் கொள்கை எப்படித் தளர்ந்தது என்பது பின்னால் வரும்.

முதலில் இதில் என்ன கஷ்டம் என்று சொல்லிவிடுகிறேன். குழியின் விட்டம் 4¼ அங்குலம், அதாவது 108 மில்லிமீட்டர். 1891-ல் ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ்காரர்கள் இதை நிர்ணயித்தார்கள். அதற்குப் பிறகு உலகத்தில் எத்தனையோ மாறியும் இது மாறவில்லை. பந்தின் விட்டம் 1.68 அங்குலம். இரண்டு பந்து கைகோத்துக்கொண்டு உள்ளே போகலாம். தாராளமான ஏற்பாடுதான். ஆனால் பத்தடித் தூரத்தில் நின்றுகொண்டு, பந்தைத் தொடும் கணத்தில் பட்டரின் முகம் ஒரே ஒரு டிகிரி திரும்பியிருந்தால், குழியருகே போகும்போது பந்து இரண்டு அங்குலம் விலகியிருக்கும். குழியின் நடுவிலிருந்து விளிம்புக்கும் அவ்வளவுதான் தூரம். ஒரு டிகிரி என்பது கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளும் சமாசாரம் இல்லை. என் வீட்டுக் கதவுகள் எல்லாமே அதைவிட அதிகம் சாய்ந்திருக்கின்றன. கொத்தனார் நேர் என்றுதான் சொல்லிவிட்டுப் போனார்.

பத்தடியை விடுங்கள், அது பெரியவர்கள் சமாசாரம். அமெரிக்கச் சுற்றில் ஆடிச் சாப்பிடுகிறவர்களே எட்டடியிலிருந்து ஏறத்தாழ பாதியைத்தான் உள்ளே போடுகிறார்கள். நம் கவலை மூன்றடி. மகாபலிச் சக்கரவர்த்தி, மூன்றடி மண்தானே என்று தாரை வார்த்ததில் ராஜ்யமே போயிற்று. கோல்ஃபில் இந்தக் கதை வருஷா வருஷம் நடக்கிறது.

1970-ல் செயின்ட் ஆண்ட்ரூஸ். கடைசிக் குழியில் டக் சாண்டர்ஸ் என்ற அமெரிக்கர் ஏறத்தாழ மூன்றடி தள்ளி நிற்கிறார். போட்டால் பிரிட்டிஷ் ஓப்பன் அவருக்கு. குனிந்து நின்றவர், வழியில் ஏதோ கிடக்கிறது என்று நினைத்துக் கையை நீட்டி அதைத் தள்ளிவிட்டு, நின்ற இடத்தை விட்டு விலகாமல், பழையபடி குனிந்து தட்டினார். பந்து வலப்புறம் நழுவியது. மறுநாள் நடந்த மறு ஆட்டத்தில் ஓர் அடி வித்தியாசத்தில் தோற்றார். யாரிடம் தோற்றார் என்பதையும் பின்னால் சொல்கிறேன். பல வருஷம் கழித்து, இன்னும் அதை நினைத்துக்கொள்வதுண்டா என்று கேட்டபோது, சில சமயம் ஐந்து நிமிஷம்வரை நினைக்காமல் இருந்துவிடுகிறேன் என்ற பொருளில் பதில் சொன்னாராம்.

2016-ல் மாஸ்டர்ஸ் போட்டி. எர்னி எல்ஸ், மேஜர் என்று சொல்லும் மிகப் பெரிய பட்டங்களில் நான்கை வாங்கியவர். முதல் நாள், முதல் குழி. மூன்றடி அளவில்தான் பந்து. அங்கிருந்து ஆறு தட்டு தட்டினார். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, பந்து குழிக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்று ஊஞ்சல் ஆடியது. நான்கு அடியில் முடிக்க வேண்டிய குழிக்கு ஒன்பது எழுதினார். அந்தக் காட்சியைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் நன்றாக வந்தது.

அவர்களுக்கெல்லாம் வருவது ஒரு நடுக்கம். பின்னால் இழுக்கும்வரை ஒழுங்காக இருக்கும் கை, பந்தை நெருங்கும்போது தனியாக ஒரு யோசனை செய்து வெடுக்கென்று இழுக்கும். ஜெர்மனியின் பெர்ன்ஹார்ட் லாங்கர் இதோடு ஆயுசு முழுக்கப் போராடியவர். ஒரு கட்டத்தில் பட்டரின் தண்டை இடது முன்கையோடு சேர்த்து வைத்து, வலது கையால் இரண்டையும் ஒன்றாக இறுக்கிப் பிடித்துக்கொண்டார். போலீஸ்காரர் திருடனைப் பிடிப்பதுபோல் தன் கையைத் தானே பிடித்துக்கொண்டு 1993-ல் மாஸ்டர்ஸ் பட்டம் வாங்கினார். நமக்கும் அந்த நடுக்கம் வரும். பட்டம்தான் வராது.

ஆகவே எல்லோரும் தேடுவது ஒன்றைத்தான்: வெடுக்கென்று இழுக்காமல், வழுக்கிக்கொண்டு போய் வழுக்கிக்கொண்டு வரும் ஓர் அடி. கிளப்பில் இதற்கு யோசனை சொல்லாத ஆளே கிடையாது. தூரமாக அடிக்கிறவரிடம் யாரும் நெருங்கிப் பேச மாட்டார்கள், மட்டை மேலே பட்டுவிடும். பட்டிங் செய்கிறவரிடம் பக்கத்திலேயே நின்று பேசலாம். "தலையை ஆட்டாதே." "மணிக்கட்டை மறந்துவிடு." "தோள் மட்டும் ஊசல்போல் ஆடட்டும்." "மூச்சை விட்டுவிட்டு அடி." நான்கையும் ஞாபகம் வைத்துக்கொண்டு நின்றால் பந்து எங்கே இருக்கிறது என்பது மறந்துவிடுகிறது.

பெரியவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்றால் அவர்கள் ஆளுக்கொரு விதம். ஆர்னால்ட் பாமர் முட்டிகள் இரண்டையும் ஒட்டிக்கொண்டு, பாதங்களை உட்பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பார். அவசரமாக எங்கோ போக வேண்டியவர்போல் இருக்கும். ஜப்பானின் இஸாவோ அவோகி பட்டரின் மூக்கைத் தூக்கி ஆகாசம் பார்க்க வைத்துவிட்டு அடிப்பார். தென்னாப்பிரிக்காவின் பாபி லாக் குறுக்கே திரும்பி நின்று, உட்பக்கமாக இழுத்து அடிப்பார். எந்தப் பயிற்சியாளரும் அப்படிச் சொல்லித்தர மாட்டார். அவர் நான்கு முறை பிரிட்டிஷ் ஓப்பன் வாங்கினார். சாம் ஸ்னீட் கடைசியில் வெறுத்துப்போய்ப் பந்தை இரண்டு காலுக்கும் நடுவில் வைத்து முன்னோக்கித் தள்ள ஆரம்பித்தார். பந்து உள்ளே போயிற்று. 1968-ல் அதைத் தடை செய்துவிட்டார்கள். உடனே இரண்டு காலையும் ஒரே பக்கம் வைத்துக்கொண்டு தள்ளினார்.

மட்டையில்தான் சூட்சுமம் என்று நம்புகிறவர்கள் தனிக் கட்சி. நானும் அதில் பல வருஷம் உறுப்பினர். அந்தக் கட்சிக்குத் தலைவர் என்று கார்ஸ்டன் சோல்ஹைமைச் சொல்ல வேண்டும். ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் எஞ்சினியராக இருந்தவர். பட்டிங் வரவில்லை. நம்மைப்போல் கடைக்குப் போகாமல், கார் ஷெட்டில் உட்கார்ந்து தானே ஒரு பட்டர் செய்தார். நடுவில் இருந்த எடையை இரண்டு ஓரத்துக்கும் ஒதுக்கினார். பந்து கொஞ்சம் தள்ளிப் பட்டாலும் மட்டை திருகிக்கொள்ளாது. பந்தைத் தொட்டபோது அது 'பிங்' என்று சத்தம் போட்டது. அதையே பெயராக வைத்தார். 1959-ல் விற்பனைக்கு வந்த அந்தச் சத்தம் பெரிய கம்பெனியாயிற்று. பட்டிங் வராததால் பணக்காரரான ஒரே மனிதர் எனக்குத் தெரிந்து அவர்தான். மற்ற நாங்கள் எல்லாம் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கிறோம்.

நீளப் பட்டர் ஒன்றின் மேலும் எனக்கு ஆசை இருந்தது. தண்டின் நுனியை வயிற்றில் முட்டுக்கொடுத்துக்கொண்டால் கை நடுங்க வழியில்லை. 2011-ல் கீகன் பிராட்லி அப்படி அடித்து பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பை வென்றார். என் வயிற்றால் உலகத்துக்கு ஒரு பிரயோஜனம் உண்டென்றால் அது இதுதான் என்று மனத்தில் ஒரு வெளிச்சம். 2016 ஜனவரி 1 முதல் உடம்பில் முட்டுக்கொடுக்கக் கூடாது என்று விதி வந்துவிட்டது. வயிறு மட்டும் இருக்கிறது.

மட்டை வாங்குவதை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். பயிற்சிதான் பாக்கி. எங்கள் கூடத்து மொசைக் தரையில் பந்தைத் தொட்டால் போதும், சமையலறைக்குப் போய்விடும். ஆகவே நீளமாக ஒரு கம்பளத்துண்டை விரித்து, அந்தக் கோடியில் ஓர் எவர்சில்வர் டம்ளரைச் சாய்த்து வைத்தேன். பட்டர் புகுந்து வெளியேறும் அளவுக்கு இடம் விட்டு, இரண்டு பக்கமும் சந்தன வில்லைப் பெட்டிகளை நிறுத்தினேன். இது உலகம் முழுக்க இருக்கும் பயிற்சி. மற்றவர்கள் பிளாஸ்டிக் முளை குத்துகிறார்கள். மட்டை கோணினால் பெட்டி விழும். பெட்டி விழுகிற சத்தத்தைக் கேட்டே நான் வீட்டில் இருக்கிறேன் என்று அக்கம்பக்கத்தார் தெரிந்துகொண்டார்கள்.

சாயங்காலத்தில் அதே கூடத்தின் மறுபாதியில் பாட்டு வகுப்பு. ஒரு நாள் குழந்தைகள் வருவதற்கு முன்னால் மனைவி சுருதிப்பெட்டியைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போகும்போது இழுத்துக்கிட்டுப் போறீங்க, வரும்போது ஓடி வர்றீங்க. காலப்பிரமாணமே இல்லையேங்க."

"இது பாட்டு இல்லம்மா."

"எதுவா இருந்தா என்ன, கணக்கு ஒண்ணு இருக்கும்ல? பின்னால போக எவ்வளவு, முன்னால வர எவ்வளவு?"

இருக்கிறது. கேமராவும் கம்ப்யூட்டரும் வைத்து நல்ல ஆட்டக்காரர்களை அளந்தவர்கள் சொல்லும் கணக்கு: மட்டை பின்னால் போக எடுக்கும் நேரத்தில் பாதிதான், அது திரும்பிப் பந்தைத் தொட எடுக்கும் நேரம். இரண்டுக்கு ஒன்று. மூன்றடியானாலும் முப்பதடியானாலும் இந்த நேரம் அதிகம் மாறுவதில்லை. வீச்சின் நீளம்தான் கூடும், குறையும். இதைச் சொன்னேன். அவள் யோசிக்கவே இல்லை. தொடையில் தட்டினாள்.

"அப்ப அது திஸ்ரம். தகிட. த, கி, ரெண்டும் பின்னால போங்க. ட-வுல திரும்புங்க. அடுத்த த-வுல பந்து. சமத்துல விழணும், முந்தக் கூடாது."

தகிட, த. பெட்டிகள் விழவில்லை. டம்ளர் டணாரென்றது. இதைக் கண்டுபிடிக்க மேல்நாட்டில் எத்தனை ஆராய்ச்சி நடந்திருக்கிறது, நம் வீட்டில் துடைக்கிற துணியோடு உட்கார்ந்துகொண்டு சொல்லிவிட்டாளே என்று பிரமித்துப்போனேன். அதன் பிறகு வகுப்பு நேரத்திலும் ஓரமாக ஆட அனுமதி கிடைத்தது. அதில் ஒரு சங்கடம். ஒரு மாணவி டம்ளர் சத்தத்தைத்தான் சமம் என்று எடுத்துக்கொண்டு பல்லவி தொடங்கப் பழகிவிட்டாள். பந்து டம்ளருக்குள் போகாத நாட்களில் அந்தக் குழந்தையின் பாட்டே எழும்பவில்லை. என் பட்டிங்கைக் கேடியை விட அதிகமாகக் கவலையோடு கவனித்தது அவள்தான்.

கேடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மைதானத்தில் எனக்குப் பை தூக்க வருகிறவர் பந்தின் பக்கமே பார்க்க மாட்டார். புல்லைப் பார்ப்பார். எங்கள் ஊர் வெயிலுக்குத் தாங்குவது பெர்முடா புல். கேட்க என்னமோ போல் இருந்தாலும் பிள்ளையாருக்குச் சாத்துகிறோமே, அந்த அருகம்புல்லின் இனம்தான். அது நெட்டுக்குத்தாக நிற்காது, ஒரு பக்கமாகப் படுக்கும். படுத்திருக்கும் திசையில் பந்து ஓடும். எதிர்த்து அடித்தால் மூச்சு வாங்கி நின்றுவிடும்.

"சார், இப்படி வந்து பாருங்க. பளபளன்னு தெரியுதா? அது அந்தாண்ட படுத்திருக்கு. லேசா வெச்சாலே ஓடிரும். திரும்பி வர்றப்ப கறுப்பாத் தெரியும், அப்ப கொஞ்சம் தாராளமாத் தட்டணும். இப்ப ஒரு கப் லெஃப்ட் வெச்சுக்கங்க, போதும்."

ஒரு கப் என்றால் ஒரு குழி அகலம். அவர் கண்ணுக்குத் தெரியும் அந்த மேடு பள்ளம், என் மூக்குக் கண்ணாடிக்குத் தெரிந்ததே இல்லை. இந்த வித்தை சாதாரணம் இல்லை. பெங்களூரில் பை தூக்கிக்கொண்டிருந்த முனியப்பா 2009-ல் இந்தியன் ஓப்பனையே வென்றார். கொல்கத்தாவில் மைதானத்துப் புல்லைப் பராமரித்தவரின் மகன் சௌரசியா 2016, 2017 இரண்டு வருஷமும் அதை வென்றார். புல்லோடு வளர்ந்தவர்களுக்கு அது பேசுகிறது. நம்மிடம் அது பேசுவதில்லை. சந்தா கட்டுவதோடு சரி.

அவர் சொன்னபடி ஒரு கப் லெஃப்ட். மனத்துக்குள் தகிட, த. அடி வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போயிற்று. பந்து குழியின் உதட்டைத் தொட்டு, உள்ளே எட்டிப் பார்த்து, பிடிக்காமல் வெளியே வந்து நின்றது. கூட ஆடிய நண்பர் அடுத்து வந்தார். அவருடைய அடி, கரப்பான்பூச்சியைக் கண்டவர் துடைப்பத்தை வீசுவது. பந்து தத்தித் தத்திப் போய்க் குழியின் பின்சுவரில் முட்டி, உள்ளே விழுந்தது. நாசாவில் ஆராய்ச்சி செய்துவிட்டுக் கோல்ஃபுக்கு வந்த டேவ் பெல்ஸ் என்ற ஆசிரியர், பந்து தவறினால் குழியைத் தாண்டி 17 அங்குலத்தில் நிற்கும் வேகம்தான் உத்தமம் என்பார். நண்பரின் பந்து தவறியிருந்தால் அடுத்த மைதானத்தில் நின்றிருக்கும். ஆனால் தவறவில்லையே.

இங்கேதான் எனக்கு விஷயம் புரிந்தது. எல்லா மைதானத்திலும் நடப்பதுதான். நீங்களும் கவனித்துப் பாருங்கள். மூன்றடியைத் தவறவிட்டவர் என்ன செய்கிறார்? 'சே' என்று தலையில் அடித்துக்கொண்டு, பந்தை மட்டையாலேயே இழுத்து அதே இடத்தில் வைத்து, நிற்பதுகூடச் சரியாக நிற்காமல் ஒரு தட்டு தட்டுகிறார். அது குழியின் நட்டநடுவில் போய் விழுகிறது. எப்போதும் விழுகிறது. தலை ஆடுவதில்லை, மணிக்கட்டு அசைவதில்லை, தகிட தானாக வருகிறது. ஆக, வழுக்கிக்கொண்டு போகும் அடி எல்லோர் கையிலும் இருக்கிறது, கணக்கில் வராத தட்டுக்கு மட்டும் அது வெளியே வருகிறது. கூடத்தில் டம்ளருக்கு வந்ததும் அதனால்தான். டம்ளர் யாரிடமும் போய்ச் சொல்லாது.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? மூன்றடியைக் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். அதற்கும் கோல்ஃபில் வழி வைத்திருக்கிறார்கள். நேருக்கு நேர் ஆடும் ஆட்டத்தில், எதிராளி மனம் வைத்தால், "போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று பந்தை எடுக்கச் சொல்லலாம். கிம்மி என்பார்கள். கிளப்பில் இதற்கு எழுதப்படாத அட்டவணை ஒன்று உண்டு. மேலதிகாரிக்கு நாலடிவரை கிம்மி. கடன் கொடுத்தவருக்கு மூன்றடி. சம்பந்திக்கு அன்றைய நிலவரத்தைப் பொறுத்து. எனக்கு இதுவரை அரை அடிக்குக்கூட யாரும் சொன்னதில்லை. "போடுங்க, பார்ப்போம்" என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள்.

இந்தத் தானத்தில் பெரிய பெயர் ஜாக் நிக்லஸ். 1969-ல் அமெரிக்காவும் பிரிட்டனும் மோதிய ரைடர் கோப்பை. கடைசி ஜோடி, கடைசிக் குழி, இரண்டு பக்கமும் சமம். நிக்லஸ் தன் பந்தைப் போட்டுவிட்டார். டோனி ஜாக்லினுக்கு இரண்டு மூன்றடி பாக்கி. தவறவிட்டால் பிரிட்டன் தோற்கும். நிக்லஸ் குனிந்து ஜாக்லின் பந்துக்கு வைத்திருந்த அடையாளக் காசை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். ஆட்டம் 16-16. ரைடர் கோப்பை வரலாற்றில் முதல் சமன். அமெரிக்க அணியின் தலைவர் சாம் ஸ்னீடுக்கு, அதாவது நம் இரண்டு கால் ஸ்னீடுக்கு, இந்தத் தாராளம் பிடிக்கவில்லை.

மறு வருஷம்தான் 1970. டக் சாண்டர்ஸ் மூன்றடியில் விட்ட பட்டத்தை மறுநாள் எடுத்துக்கொண்டு போனவர் யார் தெரியுமா? அதே நிக்லஸ். கொடுத்தது மூன்றடி, வந்தது மூன்றடி, பன்னிரண்டு மாதத்துக்குள் பட்டுவாடா. தான தர்மத்தில் நம்பிக்கை இல்லாதவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

நான் யோசித்துவிட்டேன். முதல் குழியிலிருந்தே எதிராளிக்கு வாரி வழங்குகிறேன். நாலடியா? எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தடி, கொஞ்சம் பள்ளமா? நமக்குள் என்ன சார், எடுங்கள். வீட்டுக்கு வந்தால் முறுக்கும் காபியும் உண்டு. நண்பர்கள் வட்டாரத்தில் என்னைப்போல் கண்ணியமான ஆட்டக்காரர் இல்லை என்று பேச்சாகிவிட்டது. என்னோடு ஆட க்யூ நிற்கிறது. ஆட்டத்தில்தான் தோற்றுக்கொண்டே இருக்கிறேன். மனைவி இதையும் ஒரு நாள் கேட்டுவிட்டு, "எடுப்பே சரியில்லையேங்க. கொடுக்கறதை ஆரம்பத்துல கொடுத்தா யாருக்கு ஞாபகம் இருக்கும்? பதினேழாவதுல கொடுங்க, பதினெட்டாவதுல கேளுங்க" என்றாள். இனிமேல் கோல்ஃபைப் பற்றி அவள் சொல்வதை எழுதி வைத்துக்கொள்வதாக இருக்கிறேன்.